களைப்பதற்கும் நியமனக் கடிதம் வேண்டும்

உலக சுகாதார நிறுவனம் மிகவும் கவனமான நிறுவனம். 2019 இல் நோய்களின் பட்டியலைப் புதுப்பித்தபோது, வேலை செய்து செய்தே மனிதர் உள்ளுக்குள் தீர்ந்துபோகும் நிலைக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கியது. பயிற்சி மண்டபங்களில் 'பேர்ண் அவுட்' என்கிறார்களே, அதற்குத்தான். இது நோயில்லை, தொழில் சார்ந்த நிகழ்வு என்றது. வேலைத்தளத்து அழுத்தம் நாட்பட்டு, கவனிப்பாரில்லாமல் விடப்பட்டால் வருவது என்றது. கடைசியில் ஒரு வேலியும் அடைத்தது: வாழ்க்கையின் வேறு பகுதிகளுக்கு இந்தச் சொல்லைப் பொருத்தக் கூடாது.

நல்ல செய்தி. முல்லைத்தீவு மாவட்டத்தின் புதுக்குடியிருப்பில் பாதிப்பேர் தப்பிவிட்டார்கள்.

2009 இறுதிப் போரில் முள்ளந்தண்டில் செல் துண்டு ஏறிய கணவனைப் பார்க்கிற பெண்ணுக்கு இனிப் பயமில்லை. அவளுக்கு வேலைத்தளம் கிடையாது. மேலதிகாரி கிடையாது. வரவுப் பதிவேடு, சேமலாப நிதி, வருடாந்த லீவு எதுவும் கிடையாது. ஆகவே களைப்பும் கிடையாது. தீர்ந்துபோவதற்கும் ஒரு தகுதி வேண்டும். அவளிடம் அது இல்லை.

இதில் பகிடி என்னவென்றால், இந்தக் களைப்பைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் சம்பளமில்லாதவர்களைப் பார்த்துத்தான் எழுதினார். 1974. நியூயோர்க்கில் ஹேர்பர்ட் பிராய்டன்பேர்கர் என்ற உளவியலாளர். பகலில் தன் தொழில், இரவில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையம். ஆசையோடு வந்த தொண்டர்கள் கொஞ்சக் காலத்தில் எரிச்சலும் வெறுமையுமாக மாறுவதைப் பார்த்தார். தன்னிலும் பார்த்தார். தொண்டரிடம் கண்டுபிடித்த வருத்தத்தை நாற்பத்தைந்து வருடத்தில் உத்தியோகத்தரின் சொத்தாக்கிவிட்டார்கள். உறுதி மாற்றி எழுதுகிற கெட்டிக்காரர் எங்கள் ஊரில் மட்டும் இல்லை.

சரி. தகுதியில்லாத அந்தப் பெண் என்னதான் செய்கிறாள்?

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவரை ஒரே பக்கமாகப் படுக்க விட முடியாது. அழுத்தம் பட்ட இடத்தில் தோல் அழுகும். படுக்கைப்புண் எலும்பு மட்டும் போகும். அதிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறினால் ஆள் இல்லை. அதனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். பகலை விடுவோம். பகலில் சக்கர நாற்காலி இருக்கிறது, அயலட்டை இருக்கிறது. இரவுக்கு மட்டும் கணக்குப் பார்ப்போம். ஓர் இரவுக்கு நாலு தரம். வருடத்துக்கு 1,460. 2009 இலிருந்து 2025 வரை பதினாறு வருடம். மொத்தம் 23,360 தரம்.

இருபத்து மூவாயிரம் தரத்துக்கு மேல் நித்திரையில் இருந்து எழும்பிய ஒருத்தி. இடையில் சலக்குழாய் பார்க்க வேண்டும். சலத்தில் கிருமி ஏறினால் அவனுக்கு நோவு தெரியாது. குளிர்ந்து நடுங்கும்போதுதான் தெரியவரும். மலம் எடுக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். வெயில் ஏற முதல் கச்சான் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய், மத்தியானத்துக்குள் ஓடி வர வேண்டும். ஏனென்றால் அவனைத் திருப்ப வேண்டும்.

இராணுவத்தில் ஒருவர் இவ்வளவு இரவு காவல் நின்றிருந்தால் பதக்கம் குத்தி, ஒரு சந்திக்குப் பெயரும் வைத்திருப்பார்கள். இவளுக்குக் கிடைத்தது ஊரின் ஒரு வசனம். "அவ நல்ல பொறுமைசாலி."

பொறுமைசாலி என்பது எங்கள் சமூகம் வழங்குகிற விருதுகளில் மிக மலிவானது. பொன்னாடை தேவையில்லை, மண்டபம் தேவையில்லை. பெற்றவர் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஒருநாள் அவள் பொறுமையிழந்து கத்தினால் அதே ஊர், அதே வாயால், "இவளுக்கு என்ன பிடிச்சது?" என்று கேட்கும். 23,360 தரம் எழும்பினவளுக்கு என்ன பிடித்தது என்று கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையா?

தேவை என்கிறது உலகம். 1981 இல் கிறிஸ்டினா மஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஓர் அளவுகோல் செய்தார். 22 கேள்வி. மூன்று அடையாளம். உணர்ச்சி வற்றிப்போதல் முதலாவது. பராமரிக்கப்படுகிறவரை ஒரு மனிதராகவே பார்க்க முடியாமல் போதல் இரண்டாவது. செய்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்ற எண்ணம் மூன்றாவது. ஆய்வு நல்ல ஆய்வு. மஸ்லாக் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த மூன்றையும் புதுக்குடியிருப்புச் சந்தையில் மீன் வெட்டுகிறவர்கூடச் சொல்லுவார். "ஏலாமக் கிடக்கு" என்பது முதலாவது. தாதி ஒருத்தி நோயாளியைப் பெயர் சொல்லாமல் "கட்டில் பதினேழு" என்பதும், பெற்ற தாய் தன் மகனை "அது இன்னும் சாப்பிடேல்ல" என்பதும் இரண்டாவது. "என்னத்தைச் செய்து என்ன?" என்பது மூன்றாவது.

அந்தப் படிவத்தில் பதில் எழுதுவதற்கு ஏழு படிகள் உண்டு. 'ஒருபோதும் இல்லை' என்பதில் தொடங்கி 'ஒவ்வொரு நாளும்' என்பதில் முடியும். ஓர் இரவுக்கு நாலு தரம் என்று எழுத இடமில்லை. படிவத்துக்குப் பதிப்புரிமையும் உண்டு, பிரதிக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டும். அவளின் களைப்பை அளக்கிற தாளுக்கு விலை இருக்கிறது. களைப்புக்கு இல்லை.

அவள் வைத்தியசாலைக்குப் போனாலும் களைப்பு என்று சொல்லமாட்டாள். தலையிடி என்பாள். நாரி உளைவு, நெஞ்செரிவு, கைகால் விறைப்பு என்பாள். எங்கள் சனம் மனத்தின் பாரத்தை உடம்பின் வாயால்தான் சொல்லும் என்று யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் பல ஆண்டாக எழுதிவருகிறார். வன்னிச் சனத்தின் காயம் தனித்தனி ஆட்களின் காயமில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட கூட்டுக் காயம் என்று 2010 இலேயே ஆய்வாக எழுதினார். கூட்டுக் காயத்துக்கு நாடு எழுதிக் கொடுத்த மருந்து பனடோல். ஆளுக்கு இரண்டு, மூன்று நேரம்.

இப்போது பனடோலோடு பயிற்சிப் பட்டறையும் வருகிறது. 'பராமரிப்போரின் சுயபராமரிப்பு.' பரந்தன் முல்லைத்தீவு வீதியோரம் ஒரு மண்டபம். பின்னால் பதாகை. பதாகையில் நன்கொடையாளரின் சின்னம் பெரிதாக, தமிழ் எழுத்துப் பிழையோடு. ஆளுக்கு ஒரு பைல், ஒரு பேனை, ஒரு றோல்ஸ், ஒரு தேத்தண்ணி. வளவாளர் கொழும்பிலிருந்து குளிரூட்டிய வாகனத்தில் வருவார். வாகனம் வெளியே எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும்.

"கண்ணை மூடுங்கோ. மூச்சை மெல்ல உள்ளே இழுங்கோ. உங்களுக்கு நிம்மதி தந்த ஓர் இடத்தை நினைச்சுக்கொள்ளுங்கோ."

புதுக்குடியிருப்பில் ஒரு பெண்ணைக் கண்ணை மூடச் சொன்னால் என்ன இடம் வந்து நிற்கும் என்று வளவாளர் யோசித்ததில்லை. யோசிக்க அவருக்கு நிகழ்ச்சி நிரலில் நேரமில்லை. பத்தேமுக்காலுக்குத் தேநீர் இடைவேளை.

பிறகு அறிவுரை. உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கோ. எந்த நேரத்திலிருந்து? சொல்வதில்லை. நன்றாக நித்திரை கொள்ளுங்கோ. எப்போது? சொல்வதில்லை. உதவி கேட்கத் தயங்காதேங்கோ. யாரிடம்? "நேரம் போயிற்று, குறூப் போட்டோ எடுப்பம்." வீடு பற்றி எரியும்போது உள்ளே நிற்கிறவரின் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கைலேஞ்சி நீட்டுகிற தர்மம் இது. கைலேஞ்சியிலும் நன்கொடையாளரின் சின்னம்.

பின்வரிசையில் ஒரு அக்கா இருப்பா. எல்லாப் பட்டறையிலும் அப்படி ஓர் அக்கா இருப்பா. "தம்பி, ஒன்பது மணியில இருந்து நாலு மணி மட்டும் என்ர மனுசனை ஆர் பார்க்கிறது?" என்று கேட்பா. அறிக்கையில் அந்தக் கேள்வி இப்படி ஏறும்: 'பங்குபற்றுநர்கள் ஆர்வத்துடன் கலந்துரையாடினர்.'

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அரசாங்கத்துக்கு அநியாயம் செய்தவனாவேன். பராமரிப்பவரின் களைப்பை இந்த அரசு அடையாளம் காணவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை கண்டது. இதே புதுக்குடியிருப்பு வைத்தியர்களில்தான் கண்டது.

2009 பெப்ரவரி தொடக்கம். புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் 500 பேருக்கு மேற்பட்ட நோயாளர். கட்டிலில், கட்டிலுக்குக் கீழே, நடையில், மரத்தடியில். வைத்தியரும் தாதியரும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. வைத்தியசாலை மீது திரும்பத் திரும்ப செல் விழுந்தது. செஞ்சிலுவைச் சங்கம் அதை உலகத்துக்கு அறிவித்தது. பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச பிரித்தானியத் தொலைக்காட்சிக்கு விளக்கம் சொன்னார். அதன் சாரம்: பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே அங்கே வைத்தியசாலை என்று ஒன்று இருக்கவே கூடாது. அவ்வளவுதான் விஷயம். இருக்கக் கூடாத வைத்தியசாலையில், இருக்கக் கூடாத நோயாளிக்கு, இருக்கக் கூடாத தாதி மருந்து கட்டிக்கொண்டிருந்தாள். பெப்ரவரி 4 ஆம் திகதி எஞ்சிய நோயாளரோடு புதுமாத்தளனுக்கு இடம்பெயர்ந்தார்கள். அன்றைக்குச் சுதந்திர தினம். கொழும்பில் அணிவகுப்பு.

மயக்க மருந்து இல்லை, இரத்தப் பை இல்லை என்று வைத்தியர்கள் வெளியே சொன்னார்கள். சுகாதார அமைச்சு பதில் அனுப்பியது. மருந்தை அல்ல, ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்போம் என்ற எச்சரிக்கையை. இந்தப் பக்கம் புலிகள், தப்பி வெளியேறப் பார்த்த சனத்தை மறித்தார்கள், சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2011 இல் ஐ.நா. நிபுணர் குழு இரு தரப்பையும் பற்றி எழுதியது. இந்த இரண்டுக்கும் நடுவில் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா போன்ற ஒரு சில வைத்தியர்கள் பள்ளிக்கூட மேசையிலும் தரப்பாளுக்குக் கீழும் வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார்கள். மே மாதம் மட்டும்.

மே மாதம் வெளியே வந்தார்கள். உடனே ஓய்வு கிடைத்தது. தடுப்புக் காவலில். ஜூலை 8 ஆம் திகதி கொழும்பில் ஐந்து வைத்தியர்களை ஊடகவியலாளர் முன் இருத்தினார்கள். நாங்கள் முன்பு சொன்ன சாவுக் கணக்கெல்லாம் மிகைப்படுத்தியவை, புலிகளின் அழுத்தத்தில் சொன்னவை என்று சொன்னார்கள். ஓகஸ்டில் பிணை கிடைத்தது. மாதக்கணக்கில் நித்திரையில்லாத மனிதர்களின் களைப்பைச் சரியாக மதிப்பிட்ட ஒரே அரச திணைக்களம் புலனாய்வுத் திணைக்களம்தான். 22 கேள்விப் படிவம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

போர் முடிந்தபின் வடக்கில் யார் என்ன திட்டம் செய்வதென்றாலும் ஜனாதிபதி செயலணியிடம் அனுமதி எடுக்க வேண்டும். தலைவர் பசில் ராஜபக்ச. வீதிக்கு அனுமதி. மலசலகூடத்துக்கு அனுமதி. கோழிக்குஞ்சுக்கு அனுமதி. சனத்தின் மனத்தைப் பற்றிப் பேசுகிற உளசமூகப் பணி என்றால் மட்டும் கோப்பு நகராது. காரணம் சுலபம். மனத்தைத் திறந்தால் வாய் திறக்கும். வாய் திறந்தால் கணக்கு வெளியே வரும். கோழிக்குஞ்சு எதையும் சொல்லாது. காயம் பச்சையாக இருந்த வருடங்களில் கதவைப் பூட்டி வைத்துவிட்டு, காய்ந்து இறுகிய பிறகு மூச்சுப் பயிற்சிக்கு மண்டபம் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

காசைப் பற்றிப் பேசுவோம். அரசின் அஸ்வெசும நிவாரணத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்கு மாதம் 7,500 ரூபாவாக இருந்தது. 2025 வரவுசெலவுத் திட்டம் அதை 10,000 ஆக்கியது. வேண்டாமென்று சொல்லவில்லை, வரட்டும். ஆனால் படுக்கையில் இருக்கிறவருக்குப் பம்பர்ஸ், கையுறை, மருந்து, முச்சக்கரவண்டிக் கூலி என்று போட்டால் பத்தாயிரம் எத்தனை நாளைக்குக் காணும்? பார்க்கிறவளுக்கு எவ்வளவு? அந்தத் திட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. வறியவர், மிக வறியவர், முதியவர், சிறுநீரக நோயாளி, மாற்றுத்திறனாளி எல்லோருக்கும் கூடு இருக்கிறது. இவர்களைத் தூக்குகிறவள் எந்தக் கூட்டிலும் இல்லை. அந்தக் கொடுப்பனவில் ஏதும் தடங்கல் என்றால் பிரதேச செயலகத்துக்கு அவளே நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும். வீட்டை விட்டு அசைய முடியாத நிலை என்று நிரூபிக்க வீட்டை விட்டு வர வேண்டும். இந்தத் திறமையான ஏற்பாட்டைச் செய்தவருக்கு யாரும் இன்னும் பொன்னாடை போர்க்கவில்லை.

வெள்ளைக்காரனும் புத்தனில்லை. பிரித்தானியா 1976 இல் பராமரிப்பவருக்கு ஒரு கொடுப்பனவு தொடங்கியது. திருமணமான பெண்களுக்குக் கிடையாது என்றது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது நியாயம். ஒரு பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன பிறகு, 1986 இல் திருத்தினார்கள். பத்து வருடத்தில் அவர்களுக்கு வெட்கம் வந்தது. எங்களுக்கு வெட்கத்துக்கும் ஒரு சுற்றறிக்கை வர வேண்டும்.

அந்தப் பிரித்தானியாவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் எங்கள் பிள்ளைகள் வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டுகிறார்கள். ஷிப்ட் முறை. எட்டு மணித்தியாலம் முடிந்தால் அடுத்த ஆள். தூக்க இயந்திரம் உண்டு, நாரி நொந்தால் மருத்துவ லீவு உண்டு. அந்தக் காசில் ஒரு பங்கு ஊருக்கு வருகிறது. வந்து கோபுரமாகிறது, தேராகிறது, அலங்கார வளைவாகிறது. மிஞ்சினால் சக்கர நாற்காலி ஆகிறது. நாற்காலியின் முதுகில் அன்பளிப்புச் செய்தவரின் தாயின் ஞாபகார்த்தம், இறந்த திகதியோடு. கையளிப்பை முகநூலில் நேரலையாகக் காட்டுவார்கள். பிறகு படம் வரும். நாற்காலி இருக்கும். நாற்காலியில் இருக்கிறவர் இருப்பார். கொடுத்தவரின் பிரதிநிதி, அவரின் மச்சான், ஊர்ப் பிரமுகர் இரண்டு பேர் இருப்பார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவளின் கை மட்டும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும்.

நியமனக் கடிதம் உள்ளவர்களின் கதை இதைவிடச் சிறப்பு என்று நினைக்க வேண்டாம். வடக்கு வைத்தியசாலைகளில் சுகாதாரத் தொண்டர்கள் வருடக்கணக்கில் கூட்டினார்கள், துடைத்தார்கள், நோயாளியைத் தள்ளினார்கள். நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் இருந்தார்கள். தொண்டு என்ற சொல்லை வைத்து ஓர் ஆளின் இளமையை எவ்வளவு காலம் இலவசமாகப் பாவிக்கலாம் என்பதில் எங்கள் நிர்வாகம் உலகத்துக்கே பாடம் எடுக்கலாம். யாரைத் திட்டுவதென்றும் தெரியவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் வைக்காமலே விட்டார்கள். திட்டு வாங்குவதற்கென்று ஒரு மாகாண சுகாதார அமைச்சர் இருந்தார். அந்த வசதியும் போயிற்று.

2022 இல் நாட்டின் பொருளாதாரம் கவிழ்ந்தபோது அரசு களைப்புக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. அரச உத்தியோகத்தர் ஐந்து வருடம் சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று அந்த ஜூனில் சுற்றறிக்கை வந்தது. வைத்தியரும் தாதியரும் நாட்டை விட்டுப் போனார்கள். போனவரை நான் குறைசொல்லமாட்டேன். போனவரின் வேலையும் இருப்பவரின் தலையில் ஏறியது. முல்லைத்தீவு மாவட்டத்துக்கு மாற்றம் வந்தாலே அதைத் தண்டனை என்று நினைக்கிற நாட்டில், அங்கேயே கிடந்து வேலை செய்கிற தாதியை ஓர் அமைச்சர் வந்தால் என்ன சொல்லுவார்? "உங்கள் சேவை மகத்தானது." பொறுமைசாலியின் அரசாங்கப் பதிப்பு.

வீதியோரத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இல்லாதவரைப் பராமரிக்கிறவர்கள். 2017 மார்ச் 8 முதல் முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்தில் இருக்கிறார்கள். மகனின் படத்தைத் துடைத்து, சட்டையை மடித்து, பேரப்பிள்ளையை வளர்த்துக்கொண்டு. பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். 2022 இல் அமைச்சரவை குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா என்றது. வேண்டாம் என்றார்கள். அந்த வருடமே இரண்டு இலட்சமாக்கினார்கள். பிள்ளை எங்கே என்று கேட்ட தாயோடு அரசு விலை பேசிய முறை இது. அவர்களின் களைப்புக்கு மட்டும் அரசு மிகவும் பொறுமையாகக் காத்திருக்கிறது.

என்ன வேண்டும் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. கிழமைக்கு ஓர் இரவு அவளுக்குப் பதிலாக எழும்புகிற ஓர் ஆள். பழகிய, சம்பளம் வாங்குகிற, பெயர் தெரிந்த ஓர் ஆள். மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து புண்ணைப் பார்க்கிற ஒரு தாதி. அவளின் பெயரில் வங்கியில் விழுகிற ஒரு கொடுப்பனவு. உடனே கோப்புகள் இருமத் தொடங்கும். நிதியில்லை. ஆளணியில்லை. வன்னியில் ஆள் பிடிப்பது கஷ்டம்.

ஆள் இல்லையா? 2017 இல் அடையாளம் கொள்கை ஆய்வு மையமும் பேர்ள் அமைப்பும் முல்லைத்தீவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. மாவட்டத்தில் இரண்டு பொதுமக்களுக்குக் குறைந்தது ஒரு படையினர் என்றது அந்தக் கணக்கு. அதற்குப் பிறகு குறைந்திருக்கலாம். பாதியாகவே குறைந்தது என்று வைப்போம். நாலு பேருக்கு ஒருவர். உலகத்தில் எந்தப் பணக்கார நாட்டு வைத்தியசாலையும் கனவில்கூடக் காணாத விகிதம். உடல் திடகாத்திரமானவர்கள். பாரம் தூக்கப் பழகியவர்கள். இரவில் முழித்திருப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். மாதம் தவறாமல் சம்பளம், சோறு, தங்குமிடம். போர் முடிந்து பதினாறு வருடத்துக்கு மேலாக வடலிப் பனைகளுக்குக் காவல் நிற்கிறார்கள்.

அவர்களை இந்தப் பெண்களின் வீட்டு வாசலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்கும் தெரியும். அவர்கள் தங்கள் வீடுகளுக்குப் போகட்டும். சம்பளப் பட்டியலை மட்டும் இங்கே அனுப்பிவிடுங்கள்.